சிறந்த ஆசிரியரைத் தேடாமலே விருது கொடுப்பது எப்படி?

தாளாளர் ஐயாவுக்கும், முதல்வர் அவர்களுக்கும், யாரும் முன்வராததால் ஐக்யூஏசி என்கிற உள்தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் ஆக்கப்பட்ட அந்த உதவிப் பேராசிரியருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் பிறந்துவிட்டது. கோவை–மேட்டுப்பாளையம் சாலையில் துடியலூர் தாண்டிவிட்டால் காரமடை வரைக்கும் கல்லூரிப் பெயர்ப்பலகைகளுக்குப் பஞ்சமில்லை. இன்னும் சில வாரத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு மேடை, ஒரு குத்துவிளக்கு, ஒரு ‘சிறந்த ஆசிரியர்’. உங்கள் கல்லூரியிலும் உண்டு. பதறாதீர்கள். நன்றாகப் பாடம் நடத்துகிற ஒருவர் கைக்கு அந்த விருது தவறிப்போய்க்கூடப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ள எளிய வழிகள் இருக்கின்றன. அதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் சேர்த்துக்கொண்டால் நாக் தரமதிப்பீட்டுக் குழு வரும்போது ‘எங்கள் சிறந்த நடைமுறை’ என்று தலைப்புப் போட்டே காட்டலாம்.

1. முதலில் தேதி, கடைசியில் ஆள்

தேதி செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மைக் செட் சொல்லுங்கள், சாப்பாடு சொல்லுங்கள், ஷீல்டுக்கு ஆர்டர் கொடுங்கள். ஷீல்டு கடைக்காரர் போன் போட்டு, “ஏனுங்க சார், பேர் என்னன்னு போடறதுங்க?” என்று கேட்கும் நிமிடம்தான் தேர்வுக்குழு கூட வேண்டிய நேரம். அதற்கு முன்னால் கூடினால் விவாதம் கிளம்பும்.

விழாவில் யாராவது அந்தத் தினத்துக்குக் காரணமான ராதாகிருஷ்ணன் கதையைச் சொல்வார்கள். 1921இல் அவர் மைசூரை விட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது, பூ அலங்காரம் செய்த வண்டியில் அவரை உட்கார வைத்து மாணவர்களே ரயில் நிலையம் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். மேடையில் சொல்வதற்கு அருமையான கதை. நடைமுறையில் அனுமதிக்கவே கூடாதது. அந்த மாணவர்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? குழுத் தீர்மானம் எங்கே? அவருடைய சுயமதிப்பீட்டு அறிக்கை எங்கே? காரமடையில் வடம் பிடித்து இழுக்கப்படுகிற தகுதி மாசித் தேரில் வரும் அரங்கநாதருக்கு மட்டும்தான்.

2. விருது வேண்டுமென்றால் அவரே கேட்கட்டும்

சர்குலர் விடுங்கள். தகுதியுள்ளோர் விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதி நாளை மாலை 4 மணி. நல்ல ஆசிரியர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்திலேயே கழன்றுகொள்வார்கள். ‘நான் சிறந்த ஆசிரியர்’ என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட அவர்களுக்குக் கூச்சம். கூச்சம் இல்லாதவர் எப்படியும் உங்களுக்கு வேண்டியவர்தான்.

மீறி விண்ணப்பிக்கிறவருக்குப் படிவம் நீளமாக இருக்கட்டும். ‘கற்பித்தலில் தாங்கள் புகுத்திய புதுமை யாது? ஜியோடேக் செய்த புகைப்படத்துடன் விளக்குக’ என்று ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லித் தருகிறேன், ஏனென்றால் இதுதான் இன்றைய உயர்கல்வியின் உயிர்நாடி. போனில் ஜிபிஎஸ் கேமரா செயலியைத் திறந்தால் படத்தின் அடியில் ஊர் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் பட்டையாக விழும். மாணவர்களை வட்டமாக உட்கார வையுங்கள். ஒருவன் கையில் சார்ட் கொடுங்கள். இன்னொருத்தி அதைக் கை நீட்டிக் காட்டட்டும். ஆசிரியர் சிரிக்கட்டும். க்ளிக். வட்டத்தைக் கலைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நோட்ஸ் சொல்லத் தொடங்கலாம். ஊர் காரமடைதான், நாள் செவ்வாய்க்கிழமைதான், நேரம் 11.42தான் என்பதை இனி உலகில் ஒருவராலும் மறுக்க முடியாது. அங்கே யாருக்காவது ஏதாவது புரிந்ததா என்று கேட்கும் செயலி இன்னும் வரவில்லை. வந்தாலும் நீங்கள் இறக்கிக்கொள்ளப் போவதில்லை.

3. எண்ண முடிந்ததை எண்ணுங்கள்

‘நல்லாப் பாடம் நடத்துவாருங்க’ என்று யாராவது சொன்னால் எத்தனை மார்க் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வராது. யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் கற்பித்தலை அதில் அளக்கும் முறை எவ்வளவு நேர்த்தி பாருங்கள்: ஒதுக்கிய வகுப்புகளில் எத்தனை எடுத்தார்? 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் ‘நன்று’. 70 முதல் 80க்குள் என்றால் ‘திருப்தி’. அதற்குக் கீழே என்றால் ‘திருப்தியில்லை’. வகுப்புக்குப் போனாரா என்பதோடு கணக்கு முடிந்தது. போய் என்ன செய்தார் என்பது அவருக்கும் பெஞ்சுகளுக்கும் இடையிலான அந்தரங்கம்.

வகுப்புக்கு வெளியே செய்கிற வேலைக்கோ தனித்தனி மதிப்பெண்ணே உண்டு. ஆய்வு மதிப்பெண் பட்டியலில் ஒரு கட்டுரைக்கு அறிவியல் பிரிவென்றால் 8, கலைப் பிரிவென்றால் 10. ஒரு மாணவருக்கு பிஎச்டி வாங்கிக் கொடுத்தால் 10. விமானம் ஏறி வெளிநாட்டில் ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு வந்தால் 7. ப்ளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டாலே கண் இருட்டுகிற முதலாமாண்டுப் பையன் ஒருவனை மூன்றாமாண்டில் தானே படிக்கிற ஆளாக ஆக்கினால் எவ்வளவு என்று பட்டியலில் தேடிப் பார்த்தேன். அந்த வரிசையே இல்லை. ஆகவே உங்கள் படிவத்திலும் வேண்டாம்.

மத்திய அரசின் தரவரிசையும் உங்கள் பக்கம்தான். 2016இல் முதல் பட்டியல் வெளியிட்ட என்ஐஆர்எஃப், பல்கலைக்கழகங்களுக்கு நூற்றுக்கு 30ஐக் கற்பித்தலின் பேரில்தான் ஒதுக்குகிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர்–மாணவர் விகிதம், பிஎச்டி முடித்தவர்கள், அனுபவ ஆண்டுகள், செலவழித்த பணம் என்று போகும். வகுப்பறைக் கதவைத் தொடாமலே முப்பதுக்கும் மார்க் போட்டுவிடலாம்.

இது நம் ஊர்ச் சாமர்த்தியம் மட்டும் என்று நினைத்துக் கூச்சப்படாதீர்கள். 2017இல் இங்கிலாந்து அரசு தன் பல்கலைக்கழகங்களின் கற்பித்தலுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் கொடுத்தது. மாணவர் கருத்துக்கணிப்பு, இடையில் நின்றவர் கணக்கு, படித்து முடித்தவர்களின் வேலைவாய்ப்பு, கூடவே பல்கலைக்கழகமே எழுதித் தந்த ஒரு விளக்கம். எந்த வகுப்பிலும் யாரும் போய் உட்காரவில்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்கே வெண்கலம்தான் விழுந்தது.

4. மாணவர் கருத்தைக் கட்டாயம் கேளுங்கள்

ஜனநாயகம் முக்கியம். கூகுள் படிவம் ஒன்று தயார் செய்து, அதை நிரப்பாதவர்களுக்கு ஹால் டிக்கெட் இல்லை என்று அறிவித்துவிடுங்கள். கருத்து தானாகப் பெருகி வரும். இருபது கேள்வி, ஏழு ஆசிரியர், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. கட்டை விரலை ஐந்தாவது வட்டத்தில் வைத்து மேலிருந்து கீழாக இறக்கிக்கொண்டே போனால் ஒன்றரை நிமிடத்தில் முடியும். லேபில் கிளாஸ் ரெப் ஒருத்தியே உட்கார்ந்து அறுபது பேருக்கும் நிரப்பிக் கொடுத்தால் இன்னும் ஒழுங்காக இருக்கும். இன்டர்னல் மார்க் போட்டு முடிப்பதற்கு முன்னால் கேளுங்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

படிவத்தால் நல்ல ஆசிரியர் சிக்கிவிடுவாரோ என்று அஞ்ச வேண்டாம். 1970இல் அமெரிக்காவில் ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்று பெயர் சூட்டி, மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் கூடியிருந்த அவையில் பேச விட்டார்கள். பேச்சு முழுக்க முன்னுக்குப்பின் முரண், அர்த்தமில்லாத சொற்கோவை. ஆனால் நல்ல குரல், நல்ல சிரிப்பு, இடையிடையே ஜோக். அவையினர் மிகச் சிறப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் மாணவர்களை ஆசிரியர்களுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்குவார்கள். அந்தக் கணக்கை வைத்து கேரல், வெஸ்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஊக்கம் தரும். தங்கள் பாடத்தின் பரீட்சைக்கு மட்டும் மார்க் ஏற்றிவிட்டவர்களுக்கு மாணவர்கள் தாராளமாக 5 போட்டார்கள். அடுத்தடுத்த பாடங்களில் உதவுகிற மாதிரி அடித்தளம் போட்டவர்களுக்குக் குறைத்துப் போட்டார்கள். 2007இல் இன்னொரு ஆய்வு: படிவம் நிரப்பும் முன் மாணவர்களுக்கு ஆளுக்கொரு சாக்லேட் நீட்டினார்கள், ஆசிரியரின் மதிப்பெண் ஏறியது. நமக்கு எதற்குச் சாக்லேட்? கோயம்புத்தூரில் மைசூர்பாவுக்கா பஞ்சம்?

5. அந்த வகுப்புக்குள் மட்டும் போய்விடாதீர்கள்

இதில் தவறினால் இதுவரை செய்ததெல்லாம் வீண்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். மத்தியானம் இரண்டரை மணி, பி.காம். இரண்டாமாண்டு, புள்ளியியல். வராந்தாவில் நீங்கள் நடந்து போகிறீர்கள். உள்ளே திட்ட விலக்கம் நடக்கிறது. சூத்திரம் இன்னும் பலகைக்கு வரவில்லை. ஆசிரியர் கறிவேப்பிலை விலையை எழுதிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் பாதித் தோட்டம் கறிவேப்பிலைதானே. ஒரு வியாபாரி ஐந்து வாரமும் கிலோ 38, 39, 40, 41, 42 என்று கொடுத்தார். இன்னொருவர் 10, 70, 15, 65, 40. “ரெண்டு பேருக்கும் சராசரி என்னங்க?” இரண்டுமே 40. “அப்பறம் யாருகிட்டப் போடுவீங்க?” வகுப்பு பிரிந்து சத்தம் போடுகிறது. மூன்றாவது பெஞ்சில் வெள்ளியங்காட்டுப் பக்கமிருந்து வருகிற பையன், வருஷம் முழுக்க வாயே திறக்காதவன், எழுந்து நிற்கிறான். “அப்ப எங்கப்பன் ஏமாந்தது சராசரியப் பாத்துத்தானுங்களா சார்?” வகுப்பு ஒரு கணம் கப்சிப். “ஆமாங் கண்ணு. அதுக்குத்தான் இன்னொரு நம்பர் வேணும்” என்று திரும்பி, அப்போதுதான் சூத்திரத்தை எழுதுகிறார். அறுபது பேனாக்கள் சொல்லாமலே குனிகின்றன.

இங்கே நீங்கள் நிற்கக் கூடாது. நின்றால் ஐந்து நிமிடம் ஆகும், பிறகு கடைசி பெஞ்சில் உட்காரத் தோன்றும், பிறகு விருது யாருக்கு என்பதில் உங்களுக்கே ஓர் அபிப்பிராயம் வந்து தொலைக்கும். உடனே வகுப்பு இரைச்சல், பவர்பாயின்ட் பயன்படுத்தாமை, லெசன் பிளானில் கறிவேப்பிலை என்ற தலைப்பு இல்லாமை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பயிற்று மொழி ஆங்கிலம் என்பதை நினைவூட்டி ஒரு மெமோ கொடுத்துவிட்டு நகருங்கள்.

6. தகுதி வரம்பைக் கவனமாக எழுதுங்கள்

மேலே சொன்னவர் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் இருப்பார். முதலாமாண்டு, இரண்டாமாண்டு வகுப்புகளில் அதிக மணிநேரம் நிற்பது தொகுப்பூதியக்காரர்கள்தான். ‘நிரந்தரப் பணியில் குறைந்தது ஐந்தாண்டு’ என்று ஒரே வரி சேர்த்தால் போதும், எல்லோரும் வெளியே. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை என்று 2019இலேயே யுஜிசி வரம்பு நிர்ணயித்தது. அதைக் கேட்டு இன்னும் கோர்ட் படி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் விருதையும் கொடுத்து அவர்கள் கவனத்தைச் சிதறடிப்பானேன்?

7. சுற்றில் விடுங்கள்

போன வருடம் வணிகவியல், இந்த வருடம் கணினி அறிவியல், வரும் வருடம் ஆங்கிலம். நடுவில் தாளாளர் வீட்டு மருமகள் பணியில் சேர்ந்தால் சுற்று ஒரு வருடம் தள்ளிப்போகும். அப்படியும் முகம் சுண்டுகிறவர்கள் இருந்தால் எல்லோருக்கும் ஒரு சான்றிதழ் அடித்துவிடுங்கள். தேசிய நல்லாசிரியர் விருது 1958இல் ஆரம்பித்தது. கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களை அதில் சேர்த்துக்கொண்டது 2023இல்தான். நாடே இவ்வளவு நிதானமாக இருக்கும்போது உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?

8. விழா நாளில் வகுப்பு நடக்கக் கூடாது

அழைப்பிதழில் 10.30 என்று போடுங்கள். மாணவர்களைப் பத்து மணிக்கே அரங்கத்தில் அடைத்துவிடுங்கள். சிறப்பு விருந்தினர் பன்னிரண்டேகாலுக்கு வருவார். விருது வாங்குகிறவருக்கு அன்று இருந்த மூன்று வகுப்புகளும் ரத்து, அவருடைய கற்பித்தலைப் பாராட்டும் பொருட்டு.

சிறப்பு விருந்தினர் இந்த மண்ணின் கல்விப் பெருமையைப் பேசுவார். இதே சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், 1930இல் அதைத் தொடங்கிய தி. சு. அவினாசிலிங்கம், 1934இல் காந்தி வந்து அடிக்கல் நாட்டியது, 1982இல் மருதமலை அடிவாரத்தில் வந்த பாரதியார் பல்கலைக்கழகம். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டச் சொல்லிவைத்திருங்கள். அந்த வித்யாலயத்தில் ஆசிரியர்களை எப்படி வைத்திருந்தார்கள் என்று யாரும் அருகில் போய் விசாரிக்காத வரைக்கும் ஆபத்தில்லை.

விருதாளர் ஏற்புரைக்கு மைக்கைப் பிடிக்கும்போது ‘நேரமின்மை காரணமாக’ என்று தொகுப்பாளர் குறுக்கே வரட்டும். போட்டோவில் தாளாளரும் பொன்னாடையும் தெளிவாகத் தெரிந்தால் போதும். விருதாளர் முகம் தெரிய வேண்டிய அவசியமில்லை. அதே படத்தை மறுநாள் மெயின் ரோட்டில் ஃபிளெக்ஸ் போடும்போது அடியில் அட்மிஷனுக்கான போன் நம்பர் பெரிதாக இருக்கட்டும்.

உள்ளூர் விருது போதாது என்று தோன்றினால் மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். ‘மதிப்பிற்குரிய முனைவர் அவர்களே, தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்’ என்று ஏதாவதொரு சர்வதேச அமைப்பு எழுதியிருக்கும். பதிவுக் கட்டணம் தனி, ஷீல்டுக்குத் தனி, கூட வருகிறவர் சாப்பாட்டுக்குத் தனி. கட்டிவிடுங்கள். அதற்கும் நாக் அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது.

9. பரிசாக வேலை கொடுங்கள்

தேசிய விருதுக்கு 50,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் தருகிறார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சம்பள உயர்வு, பாடப்பளு குறைப்பு, ஒரு செமஸ்டர் விடுப்பு, புத்தகம் வாங்கப் பணம் இதெல்லாம் ஆளைக் கெடுத்துவிடும்.

இவ்வளவு ஏற்பாட்டையும் மீறி, சுற்று முறைப்படியே ஏதோ ஒரு வருடம் நிஜமாகவே நல்ல ஆசிரியர் ஒருவர் மேடை ஏறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தாளாளர் அறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுங்கள். “உங்களை மாதிரி ஆளு இருக்கறதாலதானுங்க இந்தக் காலேஜு ஓடுது” என்று மனதாரச் சொல்லுங்கள். காபி ஆறும் முன் நாக் இரண்டாம் அளவுகோல் ஃபைலை அவர் பக்கம் தள்ளுங்கள். ஐந்து வருட ஆவணங்கள், இல்லாதவற்றை இருந்ததுபோல் திரட்டும் பணி. அடுத்ததாக டைம்டேபிள் கமிட்டி. அடுத்ததாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம். மூன்றே செமஸ்டரில் அவர் வகுப்புக்குப் போவது நின்றுவிடும்.

இருக்கிறதிலேயே பெரிய பரிசைக் கோடைக்கு வைத்திருங்கள். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு அவரிடம் ஒரு கட்டு நோட்டீஸும் ஒரு முகவரிப் பட்டியலும் கொடுத்து அட்மிஷன் பிடிக்க அனுப்புங்கள். அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம். நன்றாகப் பேசுகிறவர்தானே, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘பையன என்னங்க படிக்க வைக்கப் போறீங்க?’ என்று கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? ஆளுக்குப் பத்து சேர்க்கை இலக்கு என்றால் சிறந்த ஆசிரியருக்குப் பதினைந்து. மே மாதச் சம்பளம் அந்தப் பதினைந்தைப் பார்த்த பிறகு.

10. அவர் போகிறேன் என்று வந்தால்

வருவார். பெரும்பாலும் ஜூன் முதல் வாரத்தில், கையில் ஒரு வெள்ளைத்தாளோடு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நிற்பார். பதற்றம் காட்டாதீர்கள். மூன்று மாத நோட்டீஸ் என்று நியமன உத்தரவில் இருக்கிறது என்று சொல்லுங்கள். செமஸ்டர் நடுவில் விடுவிக்க முடியாது, செமஸ்டர் முடிவிலும் முடியாது என்று சொல்லுங்கள். அவருடைய பத்தாம் வகுப்பிலிருந்து பிஎச்டி வரைக்குமான ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் சேர்ந்த நாளிலேயே வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்தாயிற்று, பத்திரமாக இருக்கிறது என்று தெரியப்படுத்துங்கள். இப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று மேலிடத்துச் சுற்றறிக்கை இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். பீரோ சாவி யாரிடம் என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்தப் பீரோவிலேயே சிறந்த ஆசிரியர் விருதுச் சான்றிதழையும் வைத்துவிடுங்கள். மேடையில் கொடுத்ததை, “லேமினேஷன் பண்ணித் தர்றோமுங்க” என்று கீழே இறங்கியதும் வாங்கி வைத்திருப்பீர்களே, அதைத்தான். புதிய வேலைக்கு வேண்டும் என்று கேட்டால் துறைத்தலைவர் வழியாக மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். நகலுக்குக் கட்டணம் ஐம்பது ரூபாய். அலுவலக நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, அவருக்கு வகுப்பு இருக்கும் நேரம்.